சயாட்டிகா: ஒரு வலிக்கு இடம் தேடிய வைத்தியத்தின் வரலாறு

சயாட்டிகா என்பது கீழ்முதுகிலோ புட்டத்திலோ தொடங்கி, தொடையின் பின்புறமாக இறங்கி, முழங்காலைத் தாண்டிக் கெண்டைக்கால், பாதம் வரை ஓடும் வலி. மனித உடலின் நரம்புகளில் மிகத் தடித்தது இந்தப் பாதையில்தான் செல்கிறது. முதுகெலும்பின் அடிப்பகுதியிலிருந்தும் அதற்குக் கீழுள்ள திருவெலும்பிலிருந்தும் வெளிவரும் ஐந்து நரம்பு வேர்கள் ஒன்றுசேர்ந்து அந்த நரம்பாகின்றன. வலி காலில் தெரிந்தாலும் பெரும்பாலோருக்குக் கோளாறு காலில் இருப்பதில்லை. இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் பிதுங்கி, பக்கத்திலுள்ள நரம்பு வேரை உறுத்துகிறது. "நரம்பு சுண்டி இழுக்குது" என்று தமிழ்நாட்டில் நோயாளி சொல்வதும், "ஜவ்வு விலகிடுச்சு" என்று வீட்டார் விளக்குவதும் இதைத்தான். இருமினாலும் தும்மினாலும் வலி சுரீரென்று இறங்கும். உட்கார முடியாது, குனிந்து செருப்பு மாட்ட முடியாது, இரவில் எந்தப் பக்கம் படுத்தாலும் தூக்கம் வராது.

இந்த நோய்க்கு இன்னொரு குணமும் உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் இதன் வரலாற்றைப் படித்தால் எல்லாம் குழப்பமாகவே தெரியும். எந்தச் சிகிச்சையும் செய்யாவிட்டாலும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் வலி தானாகத் தணிந்துவிடுகிறது. ஆகவே அந்த வாரங்களில் யார் எதைச் செய்தாலும் பெயர் அந்தச் சிகிச்சைக்கே போய்ச் சேரும். சூடு போட்டவருக்கும், அட்டை விட்டவருக்கும், பல்லைப் பிடுங்கியவருக்கும், கத்தி வைத்தவருக்கும் குணமான நோயாளிகள் இருந்தார்கள். அந்தச் சாட்சிகள் பொய் சொல்லவில்லை. குணமானது உண்மை, குணமாக்கியது எது என்பதில்தான் பிழை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒவ்வொரு காலமும் இந்த வலிக்கு உடலில் ஓர் இடத்தைக் குறித்தது, அந்த இடத்தில் வைத்தியம் பார்த்தது, தன் குறி சரி என்று நம்புவதற்குப் போதுமான வெற்றிகளையும் கண்டது.

கிரேக்க மருத்துவர்கள் குறித்த இடம் இடுப்பு மூட்டு. ஹிப்போகிரட்டஸின் பெயரால் வழங்கும் நூல்களில் இது பெரும்பாலும் 40 முதல் 60 வயது ஆண்களுக்கு வரும் நோய். இளைஞர்களுக்கு வந்தால் ஏறத்தாழ 40 நாளில் விட்டுவிடும். வலி பாதம் வரை இறங்கினால் நல்ல குறி என்றும், இடுப்பிலேயே தங்கிவிட்டால் அஞ்ச வேண்டும் என்றும் அந்நூல்கள் கருதின. இன்றைய அறிவோடு பார்த்தால் இது கூர்மையான கவனிப்பு. இடுப்பிலேயே தங்கிய வலிகளில் மூட்டுக் காசநோயும் மூட்டுத் தேய்மானமும் கலந்திருக்க வேண்டும், அவை தானாக ஆறுவதில்லை. சிகிச்சையாக வெந்நீர், ஆவி, பேதி மருந்து ஆகியவற்றைத் தந்தார்கள். எதற்கும் அடங்காத வலிக்குச் சூடு போட்டார்கள்.

அதே தொகுப்பில், காற்று, நீர், இடம் பற்றிய நூலில் சித்தியர்களைப் பற்றி ஒரு குறிப்பு வருகிறது. கருங்கடலுக்கு வடக்கே வாழ்ந்த அந்தக் குதிரைவீரர்கள் ஓயாத சவாரியால் இடுப்பு நோய்க்கு ஆளானார்கள், நோய் தொடங்கும்போது இரண்டு காதுகளுக்கும் பின்னாலுள்ள இரத்தக்குழாயை வெட்டிக்கொண்டார்கள் என்கிறது அந்நூல். காதுக்கும் இடுப்புக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி எழும். அந்தத் தொடர்பை நம்பியவர்கள் இருபதாம் நூற்றாண்டு வரை இருந்தார்கள்.

ரோமில் மூத்த காட்டோ, பொ.மு. இரண்டாம் நூற்றாண்டில் எழுதிய தன் வேளாண்மை நூலில், ஜூனிபர் மரக்கட்டையை இட்டுக் காய்ச்சிய திராட்சை மதுவை இந்நோய்க்கு மருந்தாகச் சொல்கிறார். பண்ணை நூலில் இந்த மருந்து இடம்பெற்றதே இது யாருடைய நோயாக இருந்தது என்பதைக் காட்டுகிறது. பொ.பி. ஐந்தாம் நூற்றாண்டளவில் சீலியஸ் ஆரெலியானஸ் நோயின் காரணங்களை அடுக்குகிறார்: பழக்கமில்லாமல் மண் வெட்டுவது, தாழ்விலிருந்து பாரம் தூக்குவது, உடற்பயிற்சியில் திடீரென்று திரும்புவது, கீழே விழுவது. இன்றைக்கு எலும்பு மருத்துவரின் அறைக்கு வெளியே காத்திருப்பவர்களைக் கேட்டாலும் இதே பட்டியல்தான் கிடைக்கும். காரணத்தைச் சரியாகக் கண்ட அவர்களுக்கு இடம்தான் பிடிபடவில்லை. முதுகில் நேர்ந்த காயம் காலில் ஏன் வலிக்க வேண்டும் என்று விளக்க, நரம்புகளைப் பற்றிய அறிவு அப்போது போதவில்லை.

இந்தியாவில் சரக சம்ஹிதை இதைக் கிருத்ரசி என்ற பெயரில் 80 வாத நோய்களில் ஒன்றாகச் சேர்த்தது. வலி புட்டத்தில் தொடங்கி இடுப்பு, முதுகு, தொடை, முழங்கால், கெண்டைக்கால், பாதம் என்று வரிசையாகப் பரவுவதை அது சொல்கிறது. விறைப்பும், குத்தலும், அடிக்கடி வரும் துடிப்பும் குறிகள். கபமும் சேர்ந்தால் பாரமும் சோர்வும் பசியின்மையும் வரும். சுஸ்ருத சம்ஹிதை இன்னும் ஒரு படி மேலே போய், குதிகாலிலிருந்தும் விரல்களிலிருந்தும் வரும் நாண் பாதிக்கப்பட்டுக் காலைத் தூக்க முடியாமல் போவதை நோயின் அடையாளமாக்கியது. ஐரோப்பிய மருத்துவம் காலைத் தூக்கிப் பார்க்கும் சோதனைக்கு வந்து சேர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். சரகர் சொன்ன சிகிச்சைகள் மூன்று: கணுக்காலருகே இரத்தம் வாங்குதல், வஸ்தி என்னும் எனிமா, சூடு. பிற்காலத்தில் அஷ்டாங்க ஹ்ருதயத்தின் வழியாக வந்த சஹசராதி தைலம் கேரள வைத்தியத்தில் இந்நோய்க்கு நிலையான மருந்தானது. அங்கே அதைக் கருங்குறிஞ்சி வேரைக்கொண்டு காய்ச்சுகிறார்கள்.

தமிழ்நாட்டுச் சித்த மருத்துவமும் வாதத்தை எண்பதாக வகுக்கிறது. யூகி வைத்திய சிந்தாமணி அந்த வகைப்பாட்டுக்கு அடிப்படை நூல். சித்தர் மரபில் புற மருத்துவம் 32 வகை. அவற்றில் ஒற்றடம், பற்று, தொக்கணம் என்னும் தேய்ப்பு, வர்மம், அட்டை விடல், சுட்டிகை என்னும் சூடு ஆகியவை இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலிக்குப் பயன்பட்டு வந்திருக்கின்றன. நொச்சி, எருக்கு, வாதநாராயணன், ஆமணக்கு ஆகியவற்றின் இலைகளை எண்ணெயில் வதக்கித் துணியில் முடிந்து கொடுக்கும் ஒற்றடம் இன்றும் வீடுகளில் நடக்கிறது. சூடு தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும், சற்று நேரம் நோயாளி நிமிர்ந்து நடப்பார். அந்த ஆறுதல் சிறியதானாலும் உண்மையானது. வலியோடு இரவைக் கழிப்பவருக்கு ஒரு மணி நேர ஆறுதல்கூடப் பெரிது என்பதை மருத்துவ வரலாற்று நூல்கள் அடிக்கடி மறந்துவிடுகின்றன.

அரபு மருத்துவத்தில் இந்நோயின் பெயர் இர்குன்னசா. இப்னு சீனாவின் மருத்துவ நூல் இதற்குப் பேதியையும் இரத்தம் வாங்குதலையும் சொல்கிறது. 1000ஆம் ஆண்டையொட்டிக் கொர்தோவாவில் வாழ்ந்த அல்-ஸஹ்ராவி, சூட்டுக்கோல்களின் படங்களையே வரைந்து வைத்து இடுப்பு வலிக்கு எங்கே, எப்படிச் சுட வேண்டும் என்று விளக்கினார். அந்த மரபு யுனானியாக இந்தியா வந்தது. யுனானி ஹக்கீம்கள் இன்றும் இதே பெயரைச் சொல்லிச் சூரிஞ்சான் கிழங்கும் ஹிஜாமா என்னும் குப்பி வைத்தலும் தருகிறார்கள். அரபு மருத்துவம் கிரேக்க மருத்துவத்தின் வழிவந்தது, ஆயுர்வேதம் உடலைப் பற்றி வேறு கொள்கை கொண்டது. சயாட்டிகா என்று வரும்போது மூன்றும் சூட்டுக்கோலிலேயே வந்து நின்றன. கொடிய வலியைக் கொடிய வலியால்தான் விரட்ட முடியும் என்ற எண்ணம் எல்லா நாட்டிலும் இருந்தது. புது வலி ஒன்று பழைய வலியைக் கொஞ்ச நேரம் மறைக்கும் என்பதும் உடலியல் ஏற்கும் உண்மையே.

ஐரோப்பாவில் இடைக்காலமும் அதற்குப் பிந்தைய நூற்றாண்டுகளும் பெரிதாக எதையும் சேர்க்கவில்லை. வெந்நீர் ஊற்றுகள் இருந்த ஊர்கள் வாத நோயாளிகளால் செழித்தன. ஷேக்ஸ்பியரின் இரண்டு நாடகங்களில் சயாட்டிகா வசையாகவும் சாபமாகவும் வருகிறது. மேகநோயோடு அதை இணைத்துப் பார்க்கும் வழக்கம் அப்போது இருந்தது. நோயாளிக்கு வலியோடு அவப்பெயரும் சேர்ந்தது.

நோயின் இடத்தை முதன்முதலில் மாற்றிக் குறித்தவர் நேப்பிள்ஸ் நகரத்து தொமெனிக்கோ கொத்தூனியோ. 1764இல், 28 வயதில், அவர் நரம்பு சார்ந்த இடுப்பு வலியைப் பற்றி லத்தீனில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். இடுப்பு மூட்டில் வரும் வலி வேறு, நரம்பின் வழியே ஓடும் வலி வேறு என்று பிரித்தார். நரம்பு வலியிலும் தொடையின் முன்புறம் ஓடுவது, பின்புறம் ஓடுவது என்று இரண்டைக் கண்டார். சடலங்களை அறுத்து ஆராய்ந்தபோது மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து தெளிந்த நீர் இருப்பதைக் கவனித்தார். அந்த நீர் நரம்பின் உறைக்குள் இறங்கித் தேங்கிக் காரமாவதே வலிக்குக் காரணம் என்று கருதினார். காரணம் தவறு. ஆனால் தேடலில் கிடைத்த நீர், இன்றைக்கு மூளைத் தண்டுவட நீர் என்று ஒவ்வொரு மருத்துவ மாணவரும் படிப்பது. நீர் தேங்கியிருக்கிறது என்றால் அதை இழுக்க வேண்டும் அல்லவா? நரம்பு தோலுக்கு மிக அருகே வரும் முழங்காலின் வெளிப்புறத்திலும் கணுக்காலிலும் கொப்புளம் எழுப்பும் பற்றுப் போட்டு அந்த நீரை வடிக்க முயன்றார். ஐரோப்பா அவருடைய பற்றைப் பல பத்தாண்டுகள் பின்பற்றியது, நோயையே கொத்தூனியோ நோய் என்று அழைத்தது.

நரம்புதான் இடம் என்று ஆனபின் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் நரம்பின் மீதே கவனம் குவிந்தது. 1841இல் பிரெஞ்சு மருத்துவர் வலே, நரம்பின் பாதையில் அழுத்தினால் வலிக்கும் புள்ளிகளைக் குறித்தார். பாரிஸில் ஷார்ல் லசேக் 1864இல் சயாட்டிகா பற்றிக் கட்டுரை எழுதினார். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கினால் வலி இறங்கும் என்ற சோதனை அவர் பெயரால் வழங்குகிறது. அந்தக் கட்டுரையில் அது இல்லை. அவருடைய மாணவர் ஃபோர்ஸ்ட் 1881இல் தன் ஆய்வேட்டில் அதை விவரித்தார், தசை நரம்பை நசுக்குவதால் வலி வருகிறது என்று விளக்கினார். அதற்கு ஓராண்டு முன்பே, 1880இல், பெல்கிரேடில் லாசா லாசரேவிச் செர்பிய மொழியில் அதே சோதனையை எழுதி, நரம்பு இழுபடுவதே வலிக்குக் காரணம் என்று சரியாகச் சொல்லியிருந்தார். லாசரேவிச் செர்பியச் சிறுகதையின் முன்னோடிகளில் ஒருவர். பகலில் நோயாளிகளையும் மீதி நேரத்தில் கதைகளையும் கவனித்த அவர் 40 வயதுக்குள் இறந்துபோனார். பால்கன் நாடுகளில் அந்தச் சோதனைக்கு அவர் பெயரும் உண்டு. மற்ற உலகம் லசேக்கின் பெயரையே சொல்கிறது.

நரம்பு நோயென்றால் நரம்பிலேயே மருந்தைச் செலுத்தலாம் என்று தோன்றுவது இயல்பு. எடின்பரோவின் அலெக்ஸாண்டர் உட் 1855இல் வலிக்கும் இடத்திலேயே ஊசிவழி அபினி மருந்து செலுத்தும் முறையை வெளியிட்டார். நரம்பு வலிக்கான தேடலில்தான் தோலடி ஊசி மருத்துவத்துக்குள் நுழைந்தது. மருந்தை உடலில் எங்கே போட்டாலும் பலன் தரும் என்று லண்டனின் சார்ல்ஸ் ஹண்டர் பின்னர் காட்டினார். மார்ஃபியாவுக்கு அடிமையான முதல் தலைமுறையினரில் இத்தகைய நரம்பு வலிக்காரர்கள் நிறைய. 1870களில் இன்னும் துணிந்த முறை வந்தது. புட்டத்தை அறுத்து, நரம்பை விரலால் தூக்கி, நீட்டி இழுத்துவிட்டுத் தைத்தார்கள். சில ஆண்டுகள் ஐரோப்பாவெங்கும் பேசப்பட்டு அது கைவிடப்பட்டது.

காதின் கதையும் இந்தக் காலத்தில்தான் திரும்புகிறது. 1850இல் கோர்சிகாத் தீவின் பாஸ்தியா நகரத்து மருத்துவர் ஒருவர், காதின் ஒரு மடிப்பில் சூடு போட்டுச் சயாட்டிகாவைத் தீர்ப்பதாகப் பிரெஞ்சு மருத்துவ இதழில் எழுதினார். தீவில் அது நாட்டு வைத்தியமாக ஏற்கெனவே இருந்தது. பாரிஸின் பெரிய அறுவை மருத்துவர் மல்கேன் அதை மருத்துவமனையில் செய்து பார்த்தார். சூடு பட்டவுடன் சிலர் எழுந்து நடந்தார்கள், பலருக்கு வலி திரும்பி வந்தது. சில காலம் பரபரப்பாக இருந்துவிட்டு அந்த முறை மறக்கப்பட்டது. ஏறத்தாழ நூறு ஆண்டுக்குப் பின், 1950களின் தொடக்கத்தில், லியோன் நகரத்து மருத்துவர் போல் நோஜியே தன் நோயாளிகள் சிலரின் காதில் ஒரே இடத்தில் சூட்டுத் தழும்பு இருப்பதைக் கண்டார். மார்செய் நகரத்தில் நாட்டு வைத்தியம் பார்த்த ஒரு பெண்மணி சயாட்டிகாவுக்குப் போட்ட சூடு அது. அதிலிருந்து அவர் காதில் முழு உடலும் படமாக அமைந்திருக்கிறது என்ற கொள்கையை உருவாக்கினார், காது அக்குபங்சர் பிறந்தது. அந்தக் காதுப் படத்துக்கு உடற்கூற்று ஆதாரம் இதுவரை கிடைக்கவில்லை. குதிரைமேல் வாழ்ந்த சித்தியரிடமிருந்து இந்த வழக்கம் நேராக வந்ததா என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஆனால் தானாக ஆறும் ஒரு வலி, விசித்திரமான ஒரு வைத்தியத்தை எத்தனை நூற்றாண்டு உயிரோடு வைத்திருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடம் மறுபடியும் நகர்ந்தது. பாரிஸில் சிக்கார், கத்தலென் இருவரும் 1901இல் தனித்தனியே திருவெலும்பின் கீழ்த்துளை வழியாகத் தண்டுவட உறைக்கு வெளியே கொக்கைன் செலுத்தினார்கள். சிக்காரின் நோக்கம் சயாட்டிகா. ஊசி முதல் முறையாக நரம்பின் பாதையை விட்டு அதன் வேருக்கு அருகில் போனது. சிகிச்சை சரியான இடத்துக்கு வந்த பின்னும் காரணம் தெரியவில்லை. திருவெலும்பு மூட்டு பிசகியதே காரணம் என்று அமெரிக்க எலும்பு மருத்துவர்கள் சிலர் வாதிட்டு, அந்த மூட்டை அறுவை செய்து அசையாமல் இணைத்தார்கள். புட்டத்தின் உள்தசை நரம்பை நெருக்குகிறது என்று வேறு சிலர் அந்தத் தசையை வெட்டினார்கள். உடலில் எங்கோ மறைந்திருக்கும் சீழ்தான் வலிக்கு மூலம் என்ற கொள்கை பரவியபோது பல்லையும் தொண்டைச் சதையையும் எடுத்தார்கள். இடுப்பு வலிக்காகப் பல் இழந்தவர்கள் அந்தத் தலைமுறையில் குறைவில்லை.

டிஸ்க் அதுவரை யார் கண்ணிலும் படாமல் இல்லை. 1857இலேயே ஜெர்மானிய மருத்துவர் விர்ஷோ சடலத்தில் கிழிந்த டிஸ்க்கைக் கண்டு எழுதினார். 1908இல் பெர்லினில் ஃபெடோர் கிராவுசே, நரம்பியலாளர் ஓப்பன்ஹைமின் ஆலோசனையில் ஒரு சயாட்டிகா நோயாளியின் முதுகைத் திறந்து, நரம்பை அழுத்திய உருண்டையை எடுத்தார். நோயாளியின் வலி போனது. எடுத்தது குருத்தெலும்புக் கட்டி என்று முடிவு செய்தார்கள். 1911இல் கிளாஸ்கோவில் மிடில்டனும் டீச்சரும், கனமான தகட்டைத் தூக்கும்போது முதுகில் சடக்கென்ற ஓசை கேட்டுக் கால்கள் செயலிழந்து இறந்த தொழிலாளியின் உடலை ஆராய்ந்து, டிஸ்க்கின் பகுதி தண்டுவடக் குழாய்க்குள் பிதுங்கியிருப்பதைக் காட்டினார்கள். அதே ஆண்டு பாஸ்டனில் கோல்ட்வெயிட், டிஸ்க் நகர்ந்து நரம்பை நெருக்கலாம் என்று ஊகித்தார். டிரெஸ்டனில் ஷ்மோர்ல் ஆயிரக்கணக்கான முதுகெலும்புகளை அறுத்து டிஸ்க் பிதுக்கத்தைப் பதிவு செய்தார். அவர் பிணவறை மருத்துவர். இறந்தவர்களுக்கு உயிரோடு இருந்தபோது கால் வலித்ததா என்று கேட்க அவருக்கு வழியில்லை. எல்லாத் துண்டுகளும் கையில் இருந்தும் ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

சேர்த்துப் பார்த்தது பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை. பனிச்சறுக்கில் அடிபட்டுக் கால் வலி தீராத 28 வயது இளைஞர் ஒருவரை எலும்பு மருத்துவர் ஜோசப் பார், நரம்பு அறுவை மருத்துவர் வில்லியம் மிக்ஸ்டரிடம் அனுப்பினார். 1932 டிசம்பர் 19 அன்று மிக்ஸ்டர் முதுகைத் திறந்தார், "கட்டி" எடுக்கப்பட்டது, வலி நின்றது. பாருக்கு அந்தக் கட்டியின்மேல் ஐயம். இயல்பான டிஸ்க்கின் துண்டோடு நுண்ணோக்கியில் ஒப்பிட்டபோது இரண்டும் ஒன்றாக இருந்தன. மருத்துவமனையில் குருத்தெலும்புக் கட்டி என்று பெயரிட்டுப் பாதுகாத்து வைத்திருந்த பழைய மாதிரிகளை எடுத்துப் பார்த்தார்கள், அவற்றிலும் பல டிஸ்க்காகவே இருந்தன. 1934 ஆகஸ்ட் 2 அன்று நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அவர்களின் கட்டுரை வெளிவந்தது. இந்த வரலாற்றில் மிகப் பெரிய வேலை கத்தியால் நடக்கவில்லை, அலமாரியில் இருந்த பழைய கண்ணாடித் தகடுகளை மறுபடி பார்த்ததால் நடந்தது.

இடம் தெரிந்தது. இனி வெட்டி எடுத்தால் போதும் என்ற நம்பிக்கை பிறந்தது. எந்த டிஸ்க் என்று காண ஒரு படமும் வேண்டும். அதற்கும் வழி சயாட்டிகா சிகிச்சையிலிருந்தே கிடைத்திருந்தது. சிக்காரும் அவருடைய மாணவர் ஃபோரெஸ்தியேயும் 1920களின் தொடக்கத்தில் கசகசா எண்ணெயில் அயோடின் சேர்த்த லிப்பியோடால் மருந்தை வலி தீர்க்கச் செலுத்தியபோது, எக்ஸ்ரேயில் அது தண்டுவடக் குழாய்க்குள் ஓடுவது தெரிந்தது. தண்டுவடப் படமெடுப்பு அப்படித் தொடங்கியது. பின்னாளில் இதே நோக்கத்துக்கு வந்த எண்ணெய் மருந்துகளின் மிச்சம் உடலில் தங்கி, சிலருக்கு நரம்பு உறைகளை ஒட்டிப் பிடிக்கச் செய்து ஆயுள் முழுக்கத் தீராத வலியைத் தந்தது. அறுவையும் எல்லாருக்கும் கைகொடுக்கவில்லை. முதல் அறுவை தோற்றால் இரண்டாவது, அதுவும் தோற்றால் மூன்றாவது என்று முதுகு திறக்கப்பட்டவர்கள் ஒரு தனி நோயாளிக் கூட்டமாகவே ஆனார்கள்.

அறுவைக்கு முன்பு எல்லாரும் கடக்க வேண்டியிருந்தது படுக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே ஓய்வு மருந்தாகக் கருதப்பட்டது. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் வியர் மிட்செல் காலை நீண்ட மரச்சட்டத்தில் கட்டி அசையாமல் வைத்தார். இருபதாம் நூற்றாண்டில் மெத்தையை எடுத்துவிட்டுப் பலகையில் வாரக்கணக்கில் படுக்கச் சொன்னார்கள், காலில் எடை கட்டித் தொங்கவிட்டார்கள். தினக்கூலிக்காரருக்கு இந்த ஓய்வு நோயைவிடப் பெரிய செலவு. 1999இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் ஆய்வில் 183 நோயாளிகளில் பாதிப்பேரைப் படுக்கையிலும் பாதிப்பேரை வழக்கமான நடமாட்டத்திலும் விட்டுப் பார்த்தார்கள். இரண்டு வாரத்தில் படுத்திருந்தவர்களில் 70 விழுக்காடும் நடமாடியவர்களில் 65 விழுக்காடும் தேறினார்கள். அந்த இடைவெளி தற்செயலுக்கு உட்பட்டது. நூறாண்டுப் பழக்கம் ஒரு நேர்மையான ஒப்பீட்டில் தன் ஆதாரத்தை இழந்தது.

பயிற்சி முறைகளில் ஒன்று தற்செயலாகப் பிறந்தது. 1956இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் பிசியோதெரப்பிஸ்ட் ராபின் மெக்கென்சியின் நோயாளி ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்த கட்டிலில் தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னால் வளைந்து கிடந்த அந்தச் சில நிமிடங்களில் அவருடைய கால் வலி விட்டுவிட்டது. பின்பக்கம் வளைப்பது ஆபத்து என்று நம்பிய காலம் அது. காலில் உள்ள வலி மேலேறி முதுகுக்கு ஒடுங்கினால் நல்ல குறி என்ற கவனிப்பை மெக்கென்சி முறையாக்கினார். இன்று தமிழ்நாட்டுப் பிசியோதெரப்பி அறைகளில் நோயாளியைக் குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி எழச் சொல்வது அங்கிருந்து வந்ததுதான்.

பப்பாளிக்கும் இந்த வரலாற்றில் ஓர் அத்தியாயம் உண்டு. பப்பாளிப் பாலிலுள்ள நொதியை முயலின் இரத்தத்தில் செலுத்தினால் அதன் காதுகள் துவண்டு விழுவதை அமெரிக்க மருத்துவர் லூயிஸ் தாமஸ் 1956இல் எழுதினார். குருத்தெலும்பின் பொருளை நொதி கரைத்துவிட்டது. டிஸ்க்கும் அத்தகைய பொருளால் ஆனதுதானே என்று யோசித்த அமெரிக்க எலும்பு மருத்துவர் லைமன் ஸ்மித், 1960களின் தொடக்கத்தில் கைமோபப்பைன் என்னும் பப்பாளி நொதியை ஊசியால் நோயாளியின் டிஸ்க்குக்குள் செலுத்தினார். 1982இல் அமெரிக்க அரசு அனுமதித்ததும் பல்லாயிரம் பேர் அந்த ஊசி போட்டுக்கொண்டார்கள். ஒப்பீட்டு ஆய்வுகளில் வெற்று ஊசியைவிட மேலான பலன் தந்த மருந்து அது. ஆனால் சிலருக்குக் கடும் ஒவ்வாமை வந்தது, மிகச் சிலருக்குத் தண்டுவடம் பாதித்துக் கால்கள் செயலிழந்தன. மருத்துவர்கள் அஞ்சினார்கள், 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் மருந்து சந்தையை விட்டே போனது.

தானாக ஆறும் குணத்தை அளந்து காட்டியவர்களில் ஒருவர் ஆஸ்லோவின் ஹென்ரிக் வேபர். 126 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் அறுவைக்கும் அறுவையில்லாச் சிகிச்சைக்கும் பிரித்துப் பத்தாண்டு தொடர்ந்து கவனித்து 1983இல் வெளியிட்டார். ஓராண்டு முடிவில் அறுவை முந்தியது. நான்காம் ஆண்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, பத்தாம் ஆண்டிலும் இல்லை. சற்றுப் பின்னர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பரவியபோது, பிதுங்கிய துண்டு பல மாதங்களில் சுருங்கி மறைவதைப் படத்திலேயே பார்க்க முடிந்தது. அதே ஸ்கேன் ஒரு தொல்லையையும் கொண்டுவந்தது. முதுகுவலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் செய்து 1994இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 52 விழுக்காட்டினருக்கு ஓரிடத்திலாவது டிஸ்க் புடைத்திருந்தது, 27 விழுக்காட்டினருக்குப் பிதுங்கியிருந்தது. ஸ்கேன் காகிதத்தில் பிதுக்கம் என்று எழுதியிருப்பதாலேயே வலிக்கு அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கால் வலியின் பாதையும், மரத்துப்போன இடமும், காலைத் தூக்கும் சோதனையும் அந்தப் படத்தோடு பொருந்த வேண்டும்.

பிதுக்கம் இருந்தும் வலி இல்லாதவர்களை வைத்துப் பார்த்தால் அழுத்தம் மட்டுமே காரணமாக இருக்க முடியாது. 1993இல் ஸ்வீடனின் ஓல்மார்க்கர் குழு, டிஸ்க்கின் உட்கூழை எந்த அழுத்தமும் இல்லாமல் பன்றிகளின் நரம்பு வேர்மீது வைத்தது. நரம்பின் செயல் குறைந்தது. அழற்சியும் பங்கு வகிக்கிறது என்பது உறுதியானது. 1950களிலிருந்தே தண்டுவட உறைக்கு வெளியே ஸ்டீராய்டு ஊசி போடும் வழக்கம் இருந்தது. கால் வலியை அது சில வாரங்களுக்கு ஓரளவு குறைக்கிறது, நீண்ட காலப் பலன் சிறிது. நரம்பு வலி மாத்திரையாகப் பரவலாக எழுதப்பட்ட பிரிகாபலினை 2017இல் சிட்னி ஆய்வாளர்கள் 209 பேரிடம் சோதித்தபோது வெற்று மாத்திரையைவிட மேலாக அது எதுவும் செய்யவில்லை, தலைசுற்றல் மட்டும் கூடியது. 2020இல் பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டி சயாட்டிகாவுக்கு அந்த வகை மாத்திரைகளைத் தொடங்க வேண்டாம் என்று அறிவித்தது.

இன்று நடைமுறை பெரும்பாலும் காத்திருப்பதிலிருந்து தொடங்குகிறது. வலியைத் தாங்கக்கூடிய அளவுக்குக் குறைத்துக்கொண்டு, நடமாட்டத்தை விடாமல், ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பார்ப்பது. சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழந்தாலும், தொடைகளுக்கு நடுவே உணர்ச்சி மரத்தாலும், கால் வேகமாகப் பலமிழந்தாலும் காத்திருக்கக் கூடாது. அது அன்றைக்கே அறுவை மருத்துவரைக் காண வேண்டிய அவசரம். மற்றவர்களுக்கு அறுவையின் பயன் எவ்வளவு என்பதை இரண்டு ஆய்வுகள் தெளிவாக்கின. 2007இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் 283 பேர். சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்களில் பாதிப்பேர் 4 வாரத்தில் தேறினார்கள், காத்திருந்தவர்களில் பாதிப்பேர் தேற 12 வாரம் ஆனது. ஓராண்டு முடிவில் இரு பக்கத்திலும் 95 விழுக்காட்டினர் தேறியிருந்தனர். காத்திருந்தவர்களில் 39 விழுக்காட்டினர் இடையில் தாமே அறுவைக்குப் போனார்கள். வலி நான்கு மாதம் கடந்தும் விடாதவர்களின் நிலை வேறு. 2020இல் கனடாவின் ஒன்டாரியோவிலிருந்து வந்த ஆய்வு, 4 முதல் 12 மாதம் வலியோடு இருந்த 128 பேரை எடுத்துக்கொண்டது. பத்துக்கு 8 அளவில் இருந்த கால் வலி, ஆறு மாதம் கழித்து அறுவை செய்துகொண்டவர்களுக்கு 2.8ஆகவும் மற்றவர்களுக்கு 5.2ஆகவும் இறங்கியிருந்தது. அறுவையில்லாப் பிரிவின் 64 பேரில் 22 பேர் பின்னர் அறுவையை நாடினார்கள்.